ஈயின் மூளையில் நான் கண்டுபிடித்த நரம்பு

சிதம்பரத்தில் என் ஆராய்ச்சி வேலை இதுதான்: பழ ஈயின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி எடுத்த படங்களில் ஒரு நரம்பு செல்லைப் பிடித்து, படம் படமாக வண்ணம் பூசிக்கொண்டே போய், அது ஏற்கெனவே பெயர் வைத்த செல்தானா என்று சொல்ல வேண்டும். எட்டு மாதத்தில் கண் கெட்டதுதான் மிச்சம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஈயின் கண்ணிலிருந்து நேராக வாய்க்கு ஓடும் ஒரு செல் சிக்கியது. பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. திங்கட்கிழமை கைடு பார்த்துச் சரி என்றால் என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் முடிந்த மாதிரி.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் போனதும் வீட்டில் சொல்லிவிட்டேன். அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, கேபிள் டிவி நடத்துகிறார். அன்று மாலையே அவருடைய லோக்கல் சேனலில், நகைக்கடை விளம்பரத்துக்கும் காணாமல் போன நாய்க்குட்டிக்கும் நடுவே, "ஈயின் மூளையில் புதிய நரம்பு! நமது பகுதி மாணவிக்கு வாழ்த்துகள்" என்று ஓடியது. எதிர்வீட்டு அம்மா வந்து, "அந்த நரம்ப வச்சி என் முட்டி வலிக்கு எதுனா பண்ண முடியுமாம்மா?" என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். அவ்வளவு திமிர்.

ஞாயிற்றுக்கிழமை, சேனலில் போட ஒரு படம் வேண்டும் என்று மாமா என் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். முறுக்கைக் கடித்தபடி மௌஸை உருட்டியவர் சட்டென்று நிறுத்தினார்.

"இங்க ரெண்டு ஒயரு ஒட்டிக்கினு போவுது பாரு. நீ ஒருத்தர் ஊட்டு ஒயரப் புடிச்சிக்கினு போயி பக்கத்து ஊட்டு டிவியில ஏறிட்ட."

"மாமா, இது மூளை. உங்க கம்பம் இல்ல."

"கட்டுக்குள்ள பூந்த ஒயர நம்பவே கூடாதும்மா. அந்தாண்ட முனையிலேருந்து திரும்பி வா, தெரிஞ்சிடும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது தப்பு என்று காட்டவே வாய்ப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வந்தேன். மூன்று மணி நேரம். ஒரே ஒரு படத்தில் கொஞ்சம் மங்கல். அங்கேதான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருக்கிறேன். அது ஒரு செல் இல்லை, இரண்டு. இரண்டுமே பட்டியலில் பழைய ஆட்கள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

திங்கட்கிழமை கைடிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"தப்ப யாரு கண்டுபுடிச்சது?" என்றார்.

சொன்னேன்.

"அவர நாளைக்கு இங்க வரச் சொல்லுங்க."

மாமா இஸ்திரி போட்ட சட்டையில், பாக்கெட்டில் கட்டிங் பிளேயரோடு வந்து இறங்கினார். லேபில் என்னைப் போலவே புது நரம்பு செல் கண்டுபிடித்து வைத்திருந்தவர்கள் இன்னும் மூன்று பேர். என் செல் பறிபோனதற்காகத் திங்கட்கிழமை முழுக்க உச்சுக்கொட்டியவர்கள். சாயங்காலத்துக்குள் அந்த மூன்று செல்லையும் இரண்டிரண்டாகப் பிரித்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு, மாமா கடலூர் பஸ் ஏறினார். மெஸ்ஸில் ஒருவரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எட்டு மாதத்தில் அன்றுதான் நான் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன்.