வலப்பக்க இருக்கை

வண்டியைத் திருப்பும் கைச்சக்கரம் இல்லாத முன்னிருக்கையில் அமர்ந்து சாரதிக்குரிய மரியாதைகளை நான் பெற்றுக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து கடற்பாலம் தாண்டி ஜொகூர் பாருவுக்குள் நுழைந்த அன்று, சாவடியில் நின்ற மலாய்க் காவலர் நேரே என்னிடம் வந்து, "பாக் சிக், லைசென்ஸ் மானா?" என்று உரிமம் கேட்டுக் கை நீட்டினார். நான் ஓட்டவில்லை என்றேன். வண்டி ஓடித்தானே வந்தது என்றார். வெறுங்கைகளை உயர்த்திக் காட்டினேன். ஓடும்போது கையை விட்டுவிட்டேன் என்று எண்ணி அவர் இன்னும் கடுமையாக முறைத்தார். இடப்பக்கத்தில் இருந்த என் மருமகன் இராசரத்தினம் சிரித்தபடி தன் உரிமத்தை நீட்டிய பிறகே அவருக்கு உண்மை விளங்கிற்று. யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்களுக்கும் அது புதுமையாகவே இருக்கும். நாமும் இந்நாட்டவரும் சாலையின் இடப்புறம் செல்பவர்கள். ஆகையால் வண்டியைச் செலுத்துபவர் வலப்பக்கம் அமர்வது வழக்கம். இந்த வண்டியோ பிரெஞ்சு தேசத்துச் சாலைகளுக்காகச் செய்யப்பட்டது. அங்கே எல்லாம் மறுபக்கம்.

இராசரத்தினம் என் தமக்கையின் மகன். சீமையில் வைத்தியம் படித்தவன். லாபிஸ் பட்டணத்தில் வைத்தியசாலை வைத்திருக்கிறான். படிக்கும் காலத்தில் எங்கோ ஒரு பந்தயத்தில் கண்ட இரு இருக்கை வண்டியை மறக்கமுடியாமல், இப்போது அதே வகை வண்டியைக் கப்பலில் தருவித்தான். பந்தயத்துக்கென்றே முறுக்கேற்றிய எஞ்சின். மைல் காட்டாமல் கிலோமீட்டர் காட்டும் கருவி. சர்க்கார் உத்தியோகத்தில் தலைமுடி நரைத்தவன் நான். ஆகவே அவனிடம், "குறுக்கு வழி வேண்டாம், தம்பி. எல்லாம் சட்டப்படி நடக்கட்டும்" என்றேன். எண்பலகை பெறும்வரை நானே அலுவலகம் அலுவலகமாக நடந்தேன். பிரித்தானியப் பேரரசுக்கு வெளியே செய்த வண்டி என்பதால் தனித் தீர்வை கேட்டார்கள், கட்டினோம். முன்சக்கரங்களுக்குச் சேறு தடுக்கும் தகடு இல்லை என்றார்கள். ஒரு சீனப் பட்டறையில் அடித்துப் பூட்டினோம். உறுமல் அதிகம் என்றார்கள். புகைக்குழாயில் சத்தம் அடக்கும் பெட்டி பொருத்தினோம். "சிங்கத்துக்கு வாய்ப்பூட்டுப் போட்டிட்டியள், மாமா" என்று மருமகன் நொந்துகொண்டான்.

எஞ்சியது கைச்சைகை. திரும்பும்போதும் நிற்கும்போதும் சாரதி வலக்கையை வெளியே நீட்டவேண்டும். இந்த வண்டியில் அவன் இடக்கையைத்தான் நீட்டமுடியும்; அது வழியோரப் புல்லைத்தான் தொடும். முன்செல்லும் வண்டியைத் தாண்டவேண்டுமானாலும் எதிரே வருவது அவன் கண்ணுக்குப் படாது. பரிசோதித்த மலாய் அதிகாரி வண்டியைச் சுற்றி வந்து, என் திருநீற்றையும் தலைப்பாகையையும் பார்த்துவிட்டு, மருமகனிடம், "உங்கள் மாமா நிதானமானவராகத் தெரிகிறார். வலப்பக்கத்தில் அவரைப் போன்ற ஒருவர் இருந்து கை காட்டிப் பாதையும் பார்த்துச் சொன்னால் எனக்குச் சம்மதம்" என்றார். அந்த நிபந்தனையோடு எண்பலகை கிடைத்தது. உள்ளத்தில் எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இப்போது எழுதக் கூசுகிறது.

அன்றிரவு வழியில் பாலோ என்னும் ஊரில் உறவினர் இல்லத்தில் தங்கிவிட்டு, காலையில் லாபிஸுக்குப் புறப்பட்டோம். இளவயது முதல் காலைப்பொழுதில் பதிகம் ஓதுவது என் நியமம். யாழ்ப்பாணத்தில் எங்கள் கேணிக்கரையில் ஈரவேட்டியோடு கண்மூடி நின்று ஓதியதைப்போலவே, இந்நாட்டு இரயில் பெட்டிகளிலும் அலுவலகத்து மர நாற்காலியிலும் கண்மூடி ஓதியிருக்கிறேன். கண்ணைத் திறந்து ஓதினால் சொல் நெஞ்சில் இறங்காது என்பது என் எண்ணம். இரப்பர்க் காடுகளின் நடுவே அன்றும் ஓதிக்கொண்டு வந்தேன். முன்னால் ஒரு மாட்டுவண்டி, இரப்பர்த் தகடுகளை ஏற்றிக்கொண்டு ஊர்ந்தது. "மாமா, பாதை வெளியோ? போகலாமோ?" என்று மருமகன் கேட்டான். உயிர் உருகும் ஓர் அடியின் நடுவில் இருந்தேன். அடியை முறிக்க மனமில்லை. கண்ணைத் திறக்காமலேயே, "போ" என்றேன்.

வண்டி சத்தமின்றிப் பாய்ந்தது. அலறல் கேட்டுக் கண் விழித்தபோது, எதிரே நடந்துவந்த, மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் வழியோரத்து லோங்கான் என்னும் வடிகாலுக்குள் முழங்கால் அளவு நீரில் கிடந்தாள். தலையிலிருந்த பாற்குடம் கல்லில் மோதி உருண்டிருந்தது. வடிகால் நீர் வெள்ளையாக ஓடிற்று. அவளோடு வந்த இன்னொருத்தி எங்கள்மேல் பாய்ந்தாள்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? சத்தமே இல்லாம பேய் மாதிரி வர்றீங்களே!"

மருமகன் வெளிறிப்போய் என்னைப் பார்த்தான். "மாமா, நீங்கள் எல்லே போகச் சொன்னனீங்கள்?" என்றான். நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன்.

விழுந்தவள் எழுந்து, இரத்தம் கசியும் முழங்காலைப் பாராமல், "சும்மா இருடி. ஐயா, ஒங்க காருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள். அதற்குச் சற்று முன்புதான் நானும் தகட்டில் கீறல் விழுந்ததா என்று பார்த்திருந்தேன்.

அவள் பெயர் அஞ்சலை. பக்கத்துத் தோட்டத்தில் இரப்பர் மரங்களில் பால்வெட்டுகிறவள். கணவன் காய்ச்சலில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடக்கிறான். மாரியம்மன் திருநாளில், வழியில் கீழே வைக்காமல் பாற்குடம் சுமந்து வருவதாக அவள் நேர்ந்திருந்தாள்.

"நான் டொக்டர். இப்பவே வந்து அவரைப் பாக்கிறன்" என்றான் மருமகன்.

"பாருங்க டாக்டரையா, புண்ணியமாப் போவும். ஆனா கொடம் கவுந்துபோச்சே. ஆத்தா என்னத்த நெனப்பா?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "பெரியவரே, பட்ட போட்டிருக்கீங்க. நீங்க வந்து அவகிட்ட சொல்லுங்க. நான் எறக்கி வைக்கல, நான் அசந்து போடலன்னு."

அந்தக் கோயில் எனக்குத் தெரியும். எங்கள் இலங்கைச் சைவர்கள் லாபிஸ் இரயில் நிலையத்துப் பக்கம் முருகனுக்கு ஒரு கோயில் அமைத்திருக்கிறோம். தண்டவாளத்துக்கு அப்பால் தோட்டக்காரர்களுடைய தகரக் கூரைக் கோயில். அங்கே கிடாய் வெட்டுவார்கள் என்பதால், இத்தனை ஆண்டுகளில் அதன் வாசலை நான் மிதித்ததில்லை. அன்று செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு அவள் பின்னால் நடந்தேன். தோட்டத்துப் பட்டியில் புதிதாகக் கறந்த பாலைக் குடத்தில் ஏந்தி, நொண்டியபடி அவள் முன்னே சென்றாள்.

சன்னிதியில் பறையொலி நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நெஞ்சில் பதிகங்கள் எத்தனையோ இருந்தன. இதற்கு ஏற்ற ஓரடியும் வரவில்லை. தாயிடம் பேசும் பேச்சுத்தான் வந்தது.

"ஆச்சி, பிழை என்ரை. நான் பாராமல் 'போ' எண்டு சொல்லிப்போட்டன். இந்தப் பிள்ளையிலை குறை பிடியாதையணை."

மருமகன் தலை குனிந்தான். பறைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம், "இவரு என்ன பாச பேசுறாரு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

அஞ்சலை பாலை ஊற்றியபடியே, "தமிழுதான். ஆத்தாளுக்குப் புரியும்லா" என்றாள்.

இது நடந்து ஒரு மாதமாகிறது. இராசரத்தினம் நாள்தோறும் சென்று அவள் கணவனைப் பார்க்கிறான். காய்ச்சல் தணிவதும் ஏறுவதுமாக இருக்கிறது. அவன் எழுந்தால் அது அவள் சுமந்த பாலின் பலன். எழாவிட்டால் நான் சொன்ன 'போ' என்ற ஒரு சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று தெரியவில்லை. வண்டி இப்போதும் சட்டப்படி குற்றமற்றது. நிபந்தனைப்படி வலப்பக்கத்தில் நான் இருக்கிறேன், ஓதாமல்.

வெள்ளிக்கிழமைகளில் முருகன் சன்னிதியில் திருநீறு அணிந்துகொண்டு தண்டவாளம் வரை நடக்கிறேன். அப்பாலிருந்து பறை கேட்கிறது. எங்கள் கோயிலார் பின்னாலிருந்து, "என்ன ஐயா, அங்காலை எங்கை போறியள்?" என்கிறார்கள். எதிரே இரப்பர்ப் பால் வாளிகளோடு வரும் பெண்கள், "சிலோன் ஐயா வர்றாரு, வழி விடுங்கடி" என்று ஒதுங்குகிறார்கள். வண்டி வருகிறதா என்று இரு பக்கமும் பார்த்தபடி, வராத இரயிலுக்காக நான் தண்டவாளத்துக்கு இப்பாலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.