கபடிக்குத் தைத்த காற்சட்டைகள்

பாடசாலையில் எங்களுக்கு ஊசி மட்டும்தான். மனைப் பொருளியல் பாடத்துக்கு வெள்ளைத் துணியைச் சதுரமாக வெட்டி, நூலோட்டம், பின்தையல், சங்கிலித் தையல் என்று ஒவ்வொரு துண்டிலும் ஒன்றைப் போட்டு டீச்சரிடம் காட்ட வேண்டும். டீச்சர் துணியை வாங்கியதும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பின்னால் முடிச்சுத் தெரிந்தால், "பிரிச்சிட்டு வா மகள்" என்பார். அதைக் கோபமே இல்லாமல் சொல்வார். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

தையல் மெசின் இருந்தது எங்களூர் இளைஞர் கழகத்தில். வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம் எங்கள் ஊர். கழக மண்டபத்தின் மூலையில் காலால் மிதிக்கிற மெசின்கள் இரண்டு கிடந்தன. சனிக்கிழமைகளில் டவுனிலிருந்து ஒரு அக்கா பஸ்ஸில் வந்து வகுப்பு எடுத்தார். அவரே அப்போதுதான் பயிற்சி முடித்து வந்தவர். எங்களோடு சேர்ந்து வறுத்த கச்சான் கடலை கொறித்துக்கொண்டுதான் சொல்லித் தருவார்.

நான் ஒன்பதாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் மெசின் எனக்கு அடங்கவில்லை. முன்னுக்குச் சுற்ற வேண்டிய சக்கரம் பின்னுக்குச் சுற்றும், நூல் சிக்கிப் பட்டென்று அறும். அக்கா நூலைக் கழற்றிவிட்டு, பழைய பத்திரிகைத் தாளில் கோடு கீறித் தந்தார். வெறும் ஊசியால் அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டிப் பழக வேண்டும். சில கிழமைகள் தாளைத்தான் தைத்தோம். ஒரு சனிக்கிழமை என் காலும் கையும் தாமாகவே சேர்ந்துகொண்டன. துளைகள் கோட்டின் மேலே வரிசையாக விழுந்துகொண்டே போயின. தாள் முடிந்த பிறகும் காலை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு வீட்டில் ஒரு துணியும் தப்பவில்லை. தலையணை உறை, யன்னல் திரை என்று கழகத்துக்குக் கொண்டுபோய்த் தைத்து வந்தேன். அப்பாவின் சாரத்துக்குக் கரை மடித்தேன். அடுத்த நாள் காலையில் வயல் வட்டைக்குப் போகப் புறப்பட்ட அப்பா அறைக்குள் இருந்து கூப்பிட்டார்.

"மகள், இதுக்குள்ள எந்தப் பக்கத்தால காலை விடுற?"

இரண்டு பக்கத் துணியையும் ஒன்றாகப் பிடித்து மெசினில் அடித்துவிட்டிருந்தேன். சாரம் நெல்லுச் சாக்கைப் போல அடி மூடிக் கிடந்தது. அம்மா அடுப்படியில் சிரித்த சிரிப்பு தெரு ஒழுங்கைவரை கேட்டிருக்கும்.

என் வகுப்புத் தோழி ஒருத்திதான் கழகத்தின் பெண்கள் கபடி அணிக்குத் தலைவி. அவள் ஒரு நாள் மெசினுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மாவட்ட மட்டப் போட்டிக்கு அணி போகப்போகிறது. அரைக் காற்சட்டை போட்டு விளையாட எவளுடைய வீட்டிலும் விடமாட்டார்கள். நீளக் காற்சட்டைக்குக் கழகம் கருநீலத் துணி வாங்கித் தந்திருக்கிறது.

"தைக்கிறது நீதான்," என்றாள்.

"நான் காற்சட்டை தைச்சதே இல்லையே, புள்ள."

"சாரம் தைச்சனீதானே. அதுக்கு ரெண்டு கால வெச்சாச் சரி."

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் துணியை மேசையில் விரித்ததும் பயம் எங்கே போனதோ தெரியவில்லை. அவ்வளவு நீளமான, ஒருவரும் கைவைக்காத புதுத்துணி என் முன்னால் கிடந்ததே இல்லை. அக்கா தாளில் முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்து தந்தார். நான் அளவு பார்த்து வெட்டினேன். முதலாவது காற்சட்டை தோழிக்கு. அவள் அதைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்து காட்டியபோது என் கன்னமெல்லாம் சூடாகிவிட்டது.

அன்று பின்னேரமே மைதானத்தில் அது கிழிந்தது. கபடி பாடிக்கொண்டு போனவள், எதிரே நின்றவளைத் தொடக் காலை எட்டி நீட்டினாள். சர்ரென்ற சத்தம் எனக்கும் கேட்டது. இரண்டு கையாலும் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு அவள் பின்னுக்குப் பின்னாகவே மண்டபத்துக்கு நடந்து வந்தாள். மற்றவர்கள் மணலில் விழுந்து சிரித்தார்கள்.

"தையல் சரியில்ல," என்றாள் என்னிடம்.

விளிம்பை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போட்டேன். அடுத்த நாள் தையல் அசையவில்லை. அதற்குப் பக்கத்தில் துணியே கிழிந்தது.

அன்று எல்லோரும் போன பிறகு கிழிந்த காற்சட்டையைத் தரையில் விரித்து, கால் இரண்டையும் முடிந்த மட்டும் அகற்றி வைத்தேன். கால்கள் சந்திக்கிற இடத்தில் கிழிசல் வாய் பிளந்து கிடந்தது. நடுவில் அகலம், இரண்டு முனையும் கூர். வலையில் பட்ட செல்வன் மீனைப் போல ஒரு வடிவம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது திடீரென்று விளங்கியது. துணியிலும் குறை இல்லை, தையலிலும் குறை இல்லை. அந்த இடத்தில் துணி போதாது. எவ்வளவு போதாது என்பதைத்தான் அந்தக் கிழிசல் அளந்து காட்டிக்கொண்டிருக்கிறது.

பத்திரிகைத் தாளைக் கீழே செருகி, கிழிசலின் ஓரமாகப் பென்சிலால் கீறினேன். தையலுக்குக் கொஞ்சம் விட்டு வெட்டியதும் சாய்சதுரமாக ஒரு துண்டு வந்தது. நீலத் துணி முழுவதையும் ஏற்கெனவே வெட்டி முடித்திருந்தேன். விளையாட்டு விழாக் கொடிகளுக்கு வாங்கி மிஞ்சிய மஞ்சள் துணி அலுமாரியில் இருந்தது. அதில் வெட்டி வைத்துத் தைத்தேன். இருட்டுவதற்குள் தோழியின் வீட்டுக்கு ஓடிப்போய் அவளைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"உக்காரு."

உட்கார்ந்தாள்.

"எழும்பு. கால நீட்டு. இன்னும் நீட்டு."

நீட்டினாள். பிறகு நான் சொல்லாமலே முற்றத்தில் பாய்ந்தாள், குந்தினாள், காலை மதிலில் தூக்கி வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. நீட்டும்போது மட்டும் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது.

"இதப் பாத்தா சிரிப்பாளுகளே," என்றாள்.

"சிரிச்சா நல்லந்தானே. சிரிக்கிறவள் உன்னப் பிடிக்க மாட்டாள்."

சனிக்கிழமை வந்த அக்கா காற்சட்டையை உட்புறமாகத் திருப்பிப் பார்த்தார். "இத ஆரு காட்டித் தந்த?"

"ஒருத்தரும் இல்ல அக்கா. கிழிஞ்சதப் பாத்து வெட்டின."

அவர் கச்சான் பொட்டலத்தை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, நான்கு முனைகளிலும் நூல் இளகாமல் எப்படித் திரும்ப வேண்டும் என்று காட்டினார். எனக்கு அது போதுமாக இருந்தது. அந்தக் கிழமை முழுவதும் பள்ளிவிட்டதும் நேரே கழகத்துக்கு ஓடி, அணி முழுவதற்கும் தைத்து முடித்தேன்.

டவுனில் நடந்த போட்டியில் முதல் ஆட்டத்தை எங்களூர்ப் பிள்ளைகள் வென்றார்கள். ஒரு காற்சட்டையும் கிழியவில்லை. இரண்டாவது ஆட்டம் கிரானில் இருந்து வந்த அணியோடு. இடைவேளைக்குச் சற்று முன்னால் அவர்களில் நன்றாகப் பாடிப் போகிற பிள்ளையின் காற்சட்டை அதே இடத்தில் தையல் பிரிந்து கிழிந்தது. மாற்றுடுப்பு இல்லை. அவள் ஒரு மரத்தடியில் துவாயைச் சுற்றிக்கொண்டு நின்றாள். அழவில்லை, ஆனால் ஒருவரையும் பார்க்கவுமில்லை.

என் சட்டைக் கழுத்தில் நூல் கோத்த ஊசி குத்தியிருந்தது. யோசிக்கவே இல்லை, எழுந்து போனேன்.

"காட்டு, தைச்சு விடுறன்."

"நீங்க மற்ற அணி ஆள்தானே?"

"ஓம். அசையாம நில்லு, குத்திப்போடும்."

அவளுடைய கூட்டாளிகள் துவாய்களை விரித்துச் சுற்றி நின்றார்கள். நான் முழங்காலில் இருந்து தைத்தேன். பாடசாலையில் படித்த பின்தையல்தான் கைக்கு வந்தது. எங்கள் தலைவி துவாய்க்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னகா செய்றாய் நீ?"

"தைக்கிறன்."

"அது தெரியுது. ஆருக்குத் தைக்கிறாய் எண்டு தெரியுமா உனக்கு?"

நூலைப் பல்லால் கடித்து அறுக்கும்போது விசில் ஊதிவிட்டது. அந்தப் பிள்ளை ஓடினாள்.

இடைவேளைக்குப் பிறகு அவள்தான் எங்களை அடித்தாள். பாடிக்கொண்டு வருவாள், காலை நீட்டுவாள், தொட்டுவிட்டு வழுக்கிக்கொண்டு போவாள். மற்றவர்கள் எல்லோரும் புள்ளியைப் பார்த்துக் கத்த, நான் அவளுடைய காற்சட்டையின் தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை எங்கள் பிள்ளைகள் அவளைக் காலில் பிடித்து இழுத்து நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்திருக்கப் பார்த்தார்கள். தையல் தாங்கியது. நான் துள்ளி எழுந்து கைதட்டிவிட்டேன். என் பக்கத்தில் இருந்த எங்களூர் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாங்கள் தோற்றோம். உழவு மெசினுக்குப் பின்னால் கட்டிய பெட்டியில் ஏறித் திரும்பினோம். பாலத்தில் ஏறியதும் வாவிக் காற்று முகத்தில் அடித்தது. அப்போதுதான் தோழி சொன்னாள்.

"இனி எங்கட சாமானுக்கு மட்டும் ஊசி எடு."

"ம்."

"பொய் சொல்றாய்," என்று சொல்லிவிட்டு அவளே சிரிக்கத் தொடங்கினாள். பிறகு பெட்டி முழுவதும் சிரித்தது.

சில கிழமைகளுக்குப் பிறகு கிரானிலிருந்து கழகத்துக்கு ஒரு போன் கோல் வந்தது. தங்கள் அணிக்கும் எங்களுடையதைப் போல மஞ்சள் துண்டு வைத்த காற்சட்டை வேண்டுமாம், அந்தத் தங்கச்சி வந்து அளவெடுப்பாவா என்று கேட்டார்களாம். அக்காதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் யன்னலோரம் இருந்து, அளவு நாடாவைச் சுருட்டுவதும் விரிப்பதுமாகவே போனேன். மைதானத்தில் பிள்ளைகள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். மரத்தடியில் நான் தைத்துவிட்ட அந்தப் பிள்ளை எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

"நிண்டபடியா அளக்கிற?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றேன். "முதல்ல குந்து."