மாரிக்கனி டீச்சர் பிரித்த வீடுகள்

முதலில் கூரையைப் பிய்த்தார். பிறகு சுவர்களை. தெர்மாகோல் துகள் சேலையெல்லாம் ஒட்டிக்கொள்ள, மாரிக்கனி டீச்சர் அந்த வீட்டை மேசைமேல் துண்டு துண்டாகப் பரப்பினார். அதைச் செய்துகொண்டு வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை அழுகையை அடக்கிக்கொண்டு நின்றது.

"இப்ப மறுபடி கட்டு. கட்டும்போதே என்ன செய்யுதேன்னு இங்கிலீஷ்ல சொல்லு, கேப்போம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்தத் தனியார் பள்ளியில் நான் தமிழாசிரியன். பக்கத்து வகுப்பு என்னுடையது. பிரம்பை ஒடித்த வாத்தியார்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை செய்த வீட்டை இடிக்கிற டீச்சரை அன்றைக்குத்தான் பார்த்தேன். கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை.

மாரிக்கனி டீச்சர் இங்கிலீஷ் டீச்சர்; மம்சாபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். நிறுத்தம் வந்ததும் யாரும் எழுப்பாமல் இறங்கிவிடுவார். வகுப்பில் நாற்காலியைத் தொடமாட்டார். மத்தியானச் சாப்பாடுகூட நின்றபடிதான். பிள்ளைகள் ஒரு வாக்கியம் சொல்லி முடித்தால் சரியா தப்பா என்று சொல்லமாட்டார். "பொறவு?" என்பார். அடுத்ததும் வந்தால் அதற்கும் "பொறவு?"தான். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே சிலர் நீளமாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

எல்லாப் பாடத்துக்கும் கைவேலை செய்ய வைக்க வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு என்று தாளாளர் சங்கரலிங்கம் அறிவித்த கூட்டத்தில், எழுந்து நின்றவர் இவர் ஒருவர்தான்.

"சார், படம் வரையச் சொல்லிக் குடுக்க டிராயிங் சார் இருக்காரு. எங்கிட்ட வார பிள்ளைக்கு வாய் தொறக்கணும். தெர்மாகோலா சார் இங்கிலீஷ் பேசும்?"

"பெத்தவங்க கண்ணுக்கு ஏதாவது தெரியணும்ல டீச்சர்?" என்றார் தாளாளர். அத்தோடு பேச்சு முடிந்தது. நான் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. தமிழுக்கு ஏர்க்கலப்பைகள் செய்யச் சொல்லி வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டேன். மாரிக்கனி டீச்சரும் செய்து கொண்டுவரச் சொன்னார். வந்ததையெல்லாம் பிரித்துப் போட்டார்.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன். "பாவமில்லையா டீச்சர்?"

"பாவந்தான், தமிழய்யா. ஆனா சும்மா நிக்கவிட்டுப் பேசுன்னா இவுக கையக் கட்டிக்கிட்டு அம்புட்டுப் பேரும் தரையத்தான் பாக்காக. கை சோலியா இருந்தா வாய்க்குப் பயம் வர மாட்டேங்கு. செத்த நேரம் நின்னு பாருங்க."

நின்று பார்த்தேன். காளீஸ்வரி என்று ஒரு பெண். என் வகுப்பில், தமிழிலேயே, வருகைப் பதிவுக்கு 'உள்ளேன் ஐயா' என்று சொல்லாமல் கை மட்டும் தூக்குகிறவள். அவள் ஒரு அட்டைப்பெட்டிக் கடையைப் பிரித்துக்கொண்டே, "ஐ ஆம் டேக்கிங் தி டோர். ஐ ஆம் புட்டிங் தி டோர் ஹியர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதே இல்லை. அதிர்ச்சி என்றால் இதுதான். அப்புறம் கவனித்தால், அந்த வகுப்பே பசையை விட்டுவிட்டுக் குண்டூசிக்கு மாறியிருந்தது. பிரிக்க வசதியாம்!

ஆனால் பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கண்விழித்து ஒட்டியதைப் பிய்த்துப் போடுகிறார் என்று புகார்மேல் புகார். பள்ளியின் கைவேலைக் கண்காட்சிக்கு முந்தின நாள் தாளாளர் எங்கள் எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "நாளைக்கு ஒரு மாடலையும் நீங்க தொடக்கூடாது. தொட்டீங்கன்னா அதோட உங்க வேலை முடிஞ்சது டீச்சர்." வீட்டில் டீச்சர் ஒருவர் சம்பளம்தான் என்பது தாளாளருக்கும் தெரியும். டீச்சர் தலையாட்டினார்.

கண்காட்சியில் டீச்சர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். நடு மேசையில் காளீஸ்வரியின் கலங்கரை விளக்கம். கடலே இல்லாத ஊரில் அரை ஆள் உயரத்துக்கு நின்றது. பட்டாளத்திலிருந்து விடுமுறையில் வந்த அவள் அப்பா விக்னேஷ்வரன், விடுமுறை முழுவதையும் அதில் போட்டிருந்தார். உச்சியில் விளக்கு சுற்றிச் சுற்றி எரிந்தது. மகளுக்குப் பக்கத்தில் மனிதர் விறைப்பாக நின்றார்; முகத்தில் மட்டும் பெருமை தாங்கவில்லை.

கிருஷ்ணன்கோவில் கல்லூரியிலிருந்து வந்திருந்த பேராசிரியை குனிந்து, "டெல் மீ அபவுட் இட்" என்றார்.

காளீஸ்வரி தரையைப் பார்த்தாள். தாளாளர் சிரித்துக்கொண்டே, "சொல்லும்மா" என்றார். அப்பா முதுகில் தட்டினார். ம்ஹூம். பேராசிரியை நிமிர்ந்து அடுத்த மேசைக்குத் திரும்பும்போது, அந்தப் பெண் சட்டென்று விளக்கின் தலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி! என்ன செய்யுத?" அப்பாவின் அலறலில் கூடமே திரும்பிப் பார்த்தது.

"ஐ ஆம் ரிமூவிங் தி லைட்" என்றாள் காளீஸ்வரி. இழுத்தாள், வரவில்லை. மறுபடியும் இழுத்தாள். கோபுரம் அடியோடு சாய்ந்து அவளோடு வந்தது. "ஐ ஆம் ரிமூவிங்... ரிமூவிங்..." கண் கலங்க டீச்சரைப் பார்த்தாள். "மிஸ், அப்பா எல்லாத்தையும் எம்-சீல் வெச்சு ஒட்டிட்டாக மிஸ்."

அப்பா ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார். காற்றிலும் மழையிலும் அசையக்கூடாதென்று மகளுக்காகக் கட்டிய மனிதர். சிரிப்பு போன தாளாளர், மாரிக்கனி டீச்சரையே முறைத்துக்கொண்டு நின்றார். "விட்டுரும்மா, போதும்" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் வாய் மறுபடி மூடப்போவது எனக்கே தெரிந்தது.

மாரிக்கனி டீச்சர் தாளாளரை ஒருமுறை பார்த்தார். பின்னால் கட்டியிருந்த கைகளை முன்னால் கொண்டுவந்தார். கோபுரத்தின் அடியை இரண்டு கையாலும் மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"பொறவு?" என்றார்.