அல்மாட்டியின் அரை மணி நேரம்

மகள் மருத்துவம் படிக்க அல்மாட்டிக்குப் போனதும், காலையில் அவளை எழுப்பும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அவள் கேட்கவில்லை. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களை அளந்து சரிபார்த்து ஓய்வு பெற்றவன் நான். அளவு, நேரம் இரண்டிலும் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு.

அல்மாட்டி நமக்கு அரை மணி முன்னால். கூடத்தில் இரண்டாவது கடிகாரம் ஒன்றை அரை மணி கூட்டி வைத்து மாட்டினேன். இங்கே ஐந்தரை, அங்கே ஆறு; போன் போடுவேன். மகளின் அறைத்தோழியுடைய அப்பா கரையான்சாவடியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அவருக்கும் இந்தக் கணக்கைத் தாளில் வரைந்து, இரண்டு தடவை, விளக்கியிருந்தேன்.

பிப்ரவரிக் கடைசியில், மகள் சொன்னதாக மனைவி ஒரு செய்தி சொன்னாள். அந்த நாட்டில் கிழக்குக்கு ஒரு நேரம், மேற்குக்கு ஒரு நேரம் இருந்ததாம். மார்ச் ஒன்று முதல் நாடு முழுக்க மேற்கு நேரம்தானாம். அல்மாட்டியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வைப்பார்களாம். மகளிடம் யாரோ கதை விட்டிருக்கிறார்கள் என்று சிரித்தேன்.

மார்ச் ஒன்று, ஐந்தரைக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மூன்று முறை. தோழியும் எடுக்கவில்லை. கரையான்சாவடிக்காரரை எழுப்பினேன்.

"இன்னா அண்ணாத்தே, அங்க இப்பதான் மணி அஞ்சு. கொயந்தைங்க தூங்கிகினு கீதுங்க" என்றார் பொறுமையாக.

அதற்குள் மகளே அழைத்தாள். அப்போதும் நான் அடங்கவில்லை. அவள் போனில் நேரம் தவறாக இருக்கும் என்றேன்.

"நாட்டுக்கே தப்பாப்பா?" என்று கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டாள்.

அன்று மாலை ஸ்டூல் போட்டு ஏறி, வித்தியாசம் அரை மணிதானே என்று கடிகாரத்தை அரை மணி பின்னால் திருப்பினேன். மனைவி இரண்டு கடிகாரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே மணி காட்டுது. அப்ப இன்னாத்துக்கு ரெண்டு?"

கடிகாரங்கள் ஒத்துப்போவது நல்லதுதானே என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அந்தக் கடிகாரத்தில் ஆறு அடித்ததும் அழைத்தேன். அங்கே ஐந்தரை. இந்த முறை மகள் கோபப்படவே இல்லை. இனி எழுந்ததும் தானே கூப்பிடுவதாகச் சொன்னாள், நோயாளியிடம் பேசுகிற குரலில்.

அவள் ஆறு மணிக்கு எழுந்து கூப்பிடும்போது இங்கே ஆறரை. பெரும்பாலும் நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன்.