தோளைத் தொட்டுக் காட்ட வேண்டும்

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. போன வாரம் போலீஸ் நிலையத்தில் குற்றவாளி வரிசையில் நின்றேன். யாரும் இழுத்துப் போகவில்லை... நானே ஆசைப்பட்டு!

என் அடையாள அட்டை, அதாவது ஐசி, தொலைந்ததற்குப் புகார் கொடுக்கத்தான் போனேன். அங்கிருந்த பெண் இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்கிள், ஒரு ஹெல்ப் பண்ண முடியுமா? அடையாள அணிவகுப்பு இருக்கு. ஒங்கள மாதிரி ஆளத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்."

என்னை மாதிரி ஆள்! இந்த வார்த்தைக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன்? தலையாட்டிய பிறகுதான் விவரம் புரிந்தது — தேவைப்பட்டது வழுக்கையும் கனத்த மீசையும்.

அதே லட்சணங்களோடு பிடிபட்ட ஒருவனோடு சேர்த்து, என்னையும் அதே சாயலில் இன்னும் சிலரையும் வரிசையாக நிறுத்தினார்கள்.

அடையாளம் காட்ட வந்தவர் அந்தோணியம்மா. பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், எண்ணெய்ப்பனைக் கன்று வளர்க்கும் நர்சரியில் வேலை. காலையில் வேலைக்கு நடந்து போனவரின் சங்கிலியை அறுத்து, கீழே தள்ளிவிட்டுப் போயிருக்கிறான் ஒருவன். ஆளைக் காட்ட முடியாவிட்டால் அவன் வெளியே வந்துவிடுவான். அவரோ நாளைக்கும் அதே பாதையில்தான் நடக்க வேண்டும்.

"அக்கா, நல்லா பாருங்க. ஆளு தெரிஞ்சா தோளத் தொட்டுக் காட்டணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

தொட வேண்டுமாம்! விழுந்தவரே போய், தள்ளியவனைத் தொட வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் நின்று காட்டுவதெல்லாம் டிவியில்தான் போலிருக்கிறது.

நான் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்ள முயன்றேன். நீங்களும் முயன்று பாருங்கள் — அதைவிடத் திருட்டு முழி வேறில்லை.

ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்த அந்தோணியம்மா, என் முன்னால் வந்ததும்... நின்றுவிட்டார். போச்சு! மனைவியிடம் என்ன சொல்வது?

பிறகு நகர்ந்தார். எனக்கு இரண்டு ஆள் தள்ளி, ஒரு தோளில் கையை வைத்தார்.

"இவந்தான்."

குரல் நடுங்கவில்லை.

பெண்களுக்குச் சட்டம் பாதுகாப்பு என்று மேடை கிடைத்தால் நானும் முழங்குவேன். அந்தப் பாதுகாப்பு வந்து சேருமுன் அவர்கள் தனியாக நடந்து கடக்க வேண்டிய வரிசை ஒன்று இருப்பது யாருக்குத் தெரியும்?

வெளியே வாசலில் மைலோ குடித்துக்கொண்டிருந்த அந்தோணியம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, எம்முன்னாடி அவ்ளோ நேரம் நின்னீங்களே... சந்தேகமா?"

"ஐயோ, இல்லண்ணே! கொஞ்சம் மூச்சு விடத்தான் நின்னேன். அந்த வரிசையில ஒங்க மூஞ்சியப் பாத்தாத்தான் பயமே வரல."

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அவன் செம்பனைக்குள்ள பூந்து என்னா ஓட்டம் ஓடுனான் தெரியுமா? நீங்க எங்கண்ணே ஓடப் போறீங்க... இந்த ரெண்டு படி எறங்குனதுக்கே ஒங்களுக்கு எளைக்குது லா!"