அப்பா கனடாவுக்குப் போயிருக்கிறார்

இந்த நாட்டில் குளிர் தொடங்கினால் வீதிக்கு உப்புப் போடுவார்கள். நாங்கள் எழும்புவதற்கு முன்பே நகரசபை வண்டி வந்து, வழுக்காமல் இருக்க உப்பைத் தூவிக்கொண்டு போய்விடும். வந்த புதிதில் அப்பா யன்னலால் இதைப் பார்த்துவிட்டு, "இங்கத்தைச் சாப்பாட்டில ஏன் உப்பில்லையெண்டு இப்பதான் விளங்குது. எல்லாத்தையும் றோட்டில கொட்டிப்போடுறாங்கள்" என்றார். அவ்வளவு உப்புக் கொட்டியும், போன குளிர்காலத்தில் எங்கள் கட்டட வாசற்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதன் பிறகு பனிக்காலத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வெளியே வருவார்.

இந்தக் குளிர்காலத்தில் அந்தக் கை இல்லாமல் போனது. எனக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. பேர்ன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வெள்ளைக்காரரின் தாய் தகப்பனைத் தூக்கி, இருத்தி, குளிக்கவார்த்துத் தேய்ந்த முழங்கால் அது. கணவர் இன்டர்லாக்கனில் ஹோட்டல் சமையலறையில் நிற்கிறார். பனிச்சறுக்குக்குச் சனம் குவியும் காலத்தில் அவருக்கு லீவு கிடைக்காது. ஊன்றுகோலோடு நிற்கும் நான், குளியலறையில் அப்பா விழுந்தால் எப்படித் தூக்குவேன்? எங்கள் குடும்ப வைத்தியர்தான் "ஃபெரியன்பெட்" என்றார். விடுமுறைக் கட்டில் என்று அர்த்தம். வீட்டில் பார்க்கிறவர்களுக்கு முடியாமல் போனால், முதியவரை ஓர் இல்லத்தில் சில கிழமைகள் பாதுகாப்பாக வைத்திருந்து திருப்பித் தருவார்கள். என்னோடு வேலை செய்யும் சுவிஸ்காரி இதைக் கேட்டு, "நல்லது, உன் அப்பாவும் கொஞ்சம் விடுமுறை போகட்டும்" என்று மனதாரச் சொன்னாள். அவளுக்கு அது அவ்வளவு எளிதான விஷயம்.

எங்களுக்கு அது மானப் பிரச்சினை. டொரொன்டோவில் இருக்கும் அண்ணைக்குச் சொன்னதும் அவர் தொலைபேசியில் பாய்ந்தார்.

"அப்பாவை ஹோமில விட்டதெண்டு ஒரு சனத்துக்கும் தெரியக்கூடாது. என்னட்டை வந்து நிக்கிறாரெண்டு சொல்லு."

"குளிருக்குப் பயந்து மனிசரைக் கனடாவுக்கோ அனுப்புறது, அண்ணை?"

"சனம் அதையெல்லாம் யோசிக்காது."

சனம் உண்மையிலேயே யோசிக்கவில்லை. நாங்கள் இருக்கும் ஓஸ்டர்முண்டிகனில் கேட்டவர்கள் எல்லோரும், "மகனோடையோ? குடுத்துவைச்ச மனிசன்" என்றார்கள். அந்த மகன் அப்பாவை நேரில் வந்து பார்த்தே வருடக்கணக்காகிறது. அவரைக் குளிக்கவார்த்து, மருந்து கொடுத்து, பனியில் கைபிடித்து நடத்தியவள் நான். நல்ல பெயர் மட்டும் கடல் தாண்டிப் போனது.

ஊரில் இப்படியான கட்டில்கள் தேவைப்படவில்லை என்று நாங்கள் பெருமை பேசுவோம். ஏன் தேவைப்படவில்லை என்று எனக்குத் தெரியும். என் அம்மா இருந்தாள். அப்பாவின் தகப்பன் பாயில் விழுந்த நாளிலிருந்து அவர் கண்மூடும்வரை அம்மா ஒரு கல்யாணவீட்டுக்குப் போனதில்லை; தன் தாயின் செத்தவீட்டுக்குப் போனவள்கூடப் பொழுதுபடுவதற்குள் திரும்பி ஓடிவந்தாள். அவளுக்கு இடுப்பு நாரி நொந்தபோது ஒருவரும் என்னவென்று கேட்கவில்லை. அதைத்தான் நாங்கள் பண்பாடு என்கிறோம்.

தமிழர் கண்ணில் படாத இடமாகப் பார்க்கச் சொன்னார் அண்ணை. பக்கத்திலேயே நல்ல இல்லம் இருந்தும், மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் இடம் எடுத்தோம். ஊன்றுகோலோடு நான் போய்வர முடியாத தூரம். கணவரின் ஓய்வுநாளில் அப்பாவைக் கொண்டுபோய் விட்ட அன்று அண்ணை வீடியோவில் வந்தார். "அப்பா, அங்கை தமிழாக்கள் ஆரையும் கண்டால் கதைக்காதேங்கோ. கதை வெளியில போயிடும்." அப்பா தலையாட்டினார். "ஓம் தம்பி." மகன் சொன்னால் அவருக்கு அதுதான் சட்டம்.

சுவிஸில் தமிழர் இல்லாத ஊரைத் தேடிப்பிடிக்கலாம். தமிழர் இல்லாத முதியோர் இல்லச் சமையலறையைத் தேடிப்பிடிக்க முடியாது. அங்கே மலர் என்று மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கண்டதும் ஓடிவந்து, "ஐயா, நீங்க எந்த ஊர்?" என்று கேட்டிருக்கிறாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளும் கேட்டாள். "நைன், நைன்" என்றாராம். ஜேர்மன் மொழியில் 'இல்லை' என்று அர்த்தம்; அவருக்குத் தெரிந்த டொச்சில் அரைவாசி அது. இரவில் நான் தொலைபேசி எடுத்தால், "சுகமா இருக்கிறன் பிள்ளை, நீ காலைப் பார்" என்பார். மலரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இரண்டாவது கிழமை தாதி ஒருத்தி என்னை அழைத்தாள். குரல் மிகவும் கனிவாக இருந்தது. "உங்கள் அப்பா சாப்பிடுவதில்லை. எங்காவது நோகிறதா என்று அவருடைய மொழியிலேயே கேட்க எங்கள் சமையலறையிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தோம். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாய்மொழியே மறந்துவிட்டது. டெமென்ஸ் என்ற மறதிநோய் தொடங்கியிருக்கலாம்."

"இல்லை, அவருக்கு விளங்கும். ஆனால் கதைக்க மாட்டார்" என்றேன்.

"ஏன்?"

"அவர் அங்கே இருப்பது தமிழர்களுக்குத் தெரியக்கூடாது."

"இங்கே இருப்பதில் என்ன வெட்கம்?" உண்மையிலேயே அறியும் ஆவலோடுதான் கேட்டாள். பிள்ளைகளின் பராமரிப்பு விண்ணப்பத்திலிருந்து வதிவிட அனுமதிவரை எல்லாவற்றுக்கும் டொச்சில் வாதாடிய நான், இதற்குமட்டும் பேச்சை மாற்றினேன். "அப்பாவிடம் கொடுங்கள்" என்று கத்தினேன். அவருடைய மூச்சு இழுப்பது தொலைபேசியிலேயே கேட்டது. நான் சொல்ல, அன்றைக்கே பேர்ன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவாகியிருந்தது. நெஞ்சுக்குள் குத்துகிறது என்று ஒருமுறை தமிழில் சொல்லியிருந்தால் போதும். கேட்க ஆள் கட்டிலருகிலேயே நின்றிருந்தது. பனியில் வழுக்காமல் காப்பாற்றத்தான் அனுப்பினோம்.

அண்ணைக்குச் சொன்னேன். "ஆஸ்பத்திரியெண்டால் சனத்துக்குச் சொல்லலாம்" என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். இன்னும் அவரோடு கதைக்கவில்லை.

ஊன்றுகோலோடு ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவின் பக்கத்தில் இருந்தேன். மூக்கில் குழாய். காய்ச்சல் விட்டிருந்தது, பிழைத்துவிடுவார் என்றார்கள். கதவு மெதுவாகத் திறந்தது. கறுப்பு ஜாக்கெட்டில் பனி படிந்தபடி ஒரு பெண், கையில் துணியால் சுற்றிய ஃபிளாஸ்க்.

"நான் மலர், அக்கா. கஞ்சி கொண்டந்தன்." அப்பாவிடம் குனிந்தாள். "ஐயா, இப்ப எப்பிடி இருக்கு?"

அப்பாவின் உதடு அசைந்தது. என் பக்கம் திரும்பினார். வாழ்நாள் முழுவதும் பேசிய மொழியில் பதில் சொல்லலாமா என்று கண்ணால் என்னிடம் அனுமதி கேட்டார்.