கிளட்சுக்குப் பக்கத்தில் ஒரு கட்டை

அப்போது எனக்கு எட்டு வயது. லாரியைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு. நினைப்பு என்ன, உண்மைதான். எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த கியர் என்று சொல்லிவிடுவேன். லாரி அப்பாவுடையது. அவருக்கு இடுப்பு வலி வந்த பிறகு சித்தப்பாதான் ஓட்டினார். லீவு நாளில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் எஞ்சின் மூடிமேல் துண்டை விரித்து உட்கார்ந்தால் நான்தான் ராணி.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் இன்னொருவர் இருந்தார். சித்தப்பாவுக்குப் பெண் கொடுக்க வந்தவர். திருவெறும்பூரில் தொழிற்சாலை வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. ஆனாலும் மாப்பிள்ளை வண்டி ஓட்டுவதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பேச்சு என்று, திருவெள்ளறையில் வாழைத்தார் ஏற்றும்போதே வந்து ஏறிக்கொண்டார்.

சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டு வண்டியை எடுத்தார். எங்கள் லாரிக்குள் செருப்புக் கால் படக்கூடாது. வெறும் இடது காலை கிளட்ச் மேல் லேசாக வைத்தபடியே வழியெல்லாம் ஓட்டுவார். அது அவர் ஸ்டைல் என்று எனக்கு ஒரே பெருமை.

டோல்கேட் தாண்டி கொள்ளிடம் பாலத்துக்கு ஏறும் மேட்டில் வண்டி மானத்தை வாங்கியது. எஞ்சின் கத்துகிறது, லாரி நகரவில்லை. கருகின நாற்றம் வேறு. சித்தப்பா ஓரம்கட்டிவிட்டு அப்பாவுக்கு போன் போட்டார். கல்யாணம் போச்சு என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அப்பா ஸ்ரீரங்கத்திலிருந்து பைக்கில் வந்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்தார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், டாப் கியரைப் போட்டு கிளட்சை மெதுவாக விட்டார். எஞ்சின் குலுங்கி அணைய வேண்டும். அதுபாட்டுக்கு ஓடியது. கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது என்று அர்த்தம். என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை.

"பிளேட் எப்படிங்க போச்சு?" என்றார் பெண்ணின் அப்பா.

சித்தப்பா தரையைப் பார்த்தார். அப்பா கொஞ்சமும் தயங்கவில்லை. "பழைய பிளேட்டுங்க. மாத்தணும்னு தம்பி சொல்லிக்கிட்டேதான் இருந்தான். நான்தான் தள்ளிப்போட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆயுதபூஜைக்கு முன்னால்தான் புது பிளேட் போட்டோம். பச்சைப் பொய்! நான் வாயைத் திறப்பதற்குள், பின்சக்கரத்துக்கு இன்னொரு கல் கொண்டுவரச் சொல்லி அப்பா என்னை விரட்டினார். கல்லோடு திரும்பினால் பேச்சு வாழைத்தார் விலைக்குப் போயிருந்தது. அந்தப் பெரியவர் மட்டும் சித்தப்பாவின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவர் பூ, பழத்தட்டோடு வீட்டுக்கு வந்தார். கூடவே செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். உள்ளே வழவழவென்று இழைத்த தேக்குக்கட்டை.

"கிளட்சுக்கு இடப்பக்கமா முடுக்கிடுங்க. பாப்பா காலை வச்சுக்கட்டும்" என்றார்.

அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை, கண் கலங்கி நின்றார். கட்டை கிடைத்த சந்தோஷத்தில் நான் ஆடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் தென்னூரில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கிளட்ச் மேல் காலை வைத்தபடியே ஓட்டினால் எவ்வளவு புது பிளேட்டாக இருந்தாலும் கருகிவிடும், காலை ஓரமாக வையுங்கள் என்றார் சொல்லிக்கொடுப்பவர். குனிந்து பார்த்தேன். என் இடது கால் சித்தப்பாவின் ஸ்டைலில் அங்கேயேதான் இருந்தது.

அன்றைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்? கல்யாணம் முடிந்தும் அந்தக் கட்டையில் என் காலுக்கு இடம் கிடைக்கவில்லை. எப்போது பார்த்தாலும் சித்தப்பாவின் கால்தான். பொறுத்துப் பார்த்துவிட்டு, சித்தியின் வளைகாப்பில் அந்தப் பெரியவரிடமே நேராகப் போய் நின்றேன்.

"தாத்தா, நீங்க எனக்குக் குடுத்த கட்டையில சித்தப்பாதான் கால் வச்சுக்கிறாரு."

அவர் முகம் அப்படி மலர்ந்தது. "வச்சுக்கிறாரா? வச்சுக்கட்டும்மா."

அப்பா பொய் சொல்கிறார், இவருக்கோ நியாயமே தெரியவில்லை. இந்தப் பெரியவர்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று அன்றைக்கே முடிவுகட்டினேன்.